காயாத மிளகாய்

டிராம் நின்றுவிட்டது. நிற்பதற்கென்று அதற்கு எத்தனையோ இடம் இருக்கிறது, அங்கெல்லாம் நின்றால் யார் கேட்கப்போகிறார்கள். கூவம் பாலத்தின் மேல், உச்சிவெயிலில், மூக்கைப் பொத்திக்கொள்ள முந்தானை போதாத இடமாகப் பார்த்து நின்றது. "கரண்ட் பூட்ச்சு, எறங்குறவங்க எறங்கலாம்" என்று கண்டக்டர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். யுத்தம் முடிந்துவிட்டது என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள், பட்டாசு கொளுத்தினார்கள், எதிர்வீட்டுக்காரன் ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் வைத்தான், எல்லாம் ஆயிற்று. அரிசியும் மண்ணெண்ணெயும் கரண்ட்டும் மட்டும் இன்னும் யுத்தத்திலிருந்து ஊர் திரும்பவில்லை. ரஞ்சிதம் இறங்கவில்லை. இறங்கி நடந்தால் பாரிஸ் முனைக்குச் சீக்கிரம் போய்விடலாம், சீக்கிரம் போனால் வக்கீல் சேஷகிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சொல்லும்மா, ஆள் அவன்தானா இல்லையா, ஒரே வார்த்தை" என்பார். அவருக்கென்ன, ஒரே வார்த்தை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவளிடமும் அந்த வார்த்தை தயாராக இருந்தது. ஆமாம், அவன்தான், ஊர்ஜிதம், கேஸ் முடிந்தது, வேறு வேலை பாருங்கள். அதைச் சொல்லிவிட்டுப் போகும் வழியில் தைக்கிற நூல் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுகூட நினைத்திருந்தாள். பாழாய்ப்போகிற மிளகாய்! அந்தப் பெண்ணுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா? இவளுக்குத்தான் காதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா? யுத்த காலத்தில் பிடித்த வியாதி இது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது ஓடாமல் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி, அதனால் கையில் ஒரு பட்டையைக் கட்டி, விசிலையும் கொடுத்து, "விளக்கை அணை" என்று தெருத்தெருவாகக் கத்த விட்டார்கள். கத்திக்கொண்டே போனதில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இருப்பதாகப் பாவனை செய்கிறார்கள், பூட்டிய வீட்டில் எப்படிச் சோறு வேகிற வாசனை வருகிறது என்பதெல்லாம் அத்துப்படி ஆயிற்று. ஒரு இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டுக் கேட்டே இரண்டு மூன்று திருட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிக்கொண்டார். யுத்தம் முடிந்ததும் ரொம்ப நன்றி, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். சேஷகிரி மட்டும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஆம்பளை துப்பறிகிறவன் வாசலோடு நின்றுவிடுவான், நீ சமையற்கட்டு வரைக்கும் போவாய் என்பது அவர் கணக்கு. போனாள். போனதுதான் வினை. வாசலோடு நின்றிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இந்த நாற்றத்தை மட்டும் அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மொத்த விஷயமும் ராயப்பேட்டையில் ஒரு சந்து, சந்துக்குள் ஓர் ஓட்டு வீடு, வீட்டுக்குள் தைலம்மாள், அவ்வளவுதான். தைலம்மாளின் புருஷன் பச்சைமுத்து யுத்தத்துக்கு முன்பே ரங்கோனுக்குப் போனவன். ரங்கோனில் குண்டு விழுந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போய்விட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இந்த வருஷம் கப்பலில் வந்து இறங்கிய கூட்டத்தில் ஓர் ஆள் சந்துக்குள் தேடிக்கொண்டு வந்து, நான்தான் பச்சைமுத்து என்றான். முகத்தில் பாதி தீயில் வெந்து கிடக்கிறது, தொண்டையும் வெந்ததோ என்னவோ குரல் காற்றாக வருகிறது, உடம்பு குச்சியாக இளைத்திருக்கிறது. தைலம்மாள் பார்த்தாள், அழுதாள், உள்ளே வாங்க என்றாள். சந்தும் கூடி அழுதுவிட்டுக் கலைந்தது. பச்சைமுத்துவின் அண்ணன் ஏகாம்பரம் மட்டும், சூளைப் பக்கம் தனியாக இருக்கிற மனுஷன், சேஷகிரியிடம் வந்து அவன் என் தம்பிதானா என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். வீடு அவர்கள் அப்பா கட்டியது. வந்தவன் பச்சைமுத்து இல்லையென்றால் தைலம்மாள் அந்நியன் ஒருவனைப் புருஷனென்று வீட்டுக்குள் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம், கோர்ட்டு வரைக்கும்கூடப் போக வேண்டாம், சந்தே அவளை முடியைப் பிடித்து வெளியே தள்ளிவிடும் என்று சேஷகிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஏகாம்பரத்தை அன்று ஒருமுறைதான் ரஞ்சிதம் பார்த்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, வீட்டைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. வீட்டின் மேல் கண் இருக்கிறவன் வீட்டைப் பற்றியா முதலில் பேசுவான், இந்த ரகமெல்லாம் எனக்குத் தெரியாதா என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். மாதர் சங்கத்தில் தையல் சொல்லித்தருகிறோம் என்று பொய் சொல்லிக்கொண்டு சந்துக்குள் போனாள். முதல் நாளே தைலம்மாள் துவையல் அரைத்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்கக்கா, காயாத மொளகா நாலு கிள்ளிப் போட்டுட்டு வந்துர்றேன்" என்றாள். காயாத மிளகாய் என்றால் என்னடி என்று இவள் விழித்தபோது பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் சிரித்த சிரிப்பில் அம்மிக் குழவி ஆடியது. "அவ ஊட்டுக்காரர் பேர்ல பச்சை இருக்குதுல்ல, வாய்ல வராது. பச்சரிசின்னா புழுங்காத அரிசிம்பா. பச்சத் தண்ணின்னா காய்ச்சாத தண்ணிம்பா. கண்ணாலம் ஆன நாள்லருந்து இதே கூத்துதான். கிளி இன்னா கலருன்னு கேட்டுப் பாரேன், எலை கலரும்பா!" தைலம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ரஞ்சிதமும் சிரித்தாள், கள்ளமில்லாத பெண் என்று மனசுக்குள் ஒரு மார்க்கும் போட்டாள். இன்றைக்குக் காலையில் காய்கறிக்காரி வந்தாள். சுரைக்காய் பேரம். தைலம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, கடைசியில் கூடையைத் தலையில் தூக்கி வைக்கப் போகிறவளைப் பார்த்துத் தைலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, ரெண்டு பச்சமொளகா கொசுறு போட்டா கொறஞ்சா பூடுவே?" என்றாள். முற்றத்தின் ஓரத்தில் அந்த ஆள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. கை நிற்கவில்லை. சட் சட் என்று ஓடு உடைகிற சத்தம் அப்படியே நடந்தது.

அதுதான். அந்தச் சட் சட்தான். பேரத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம், ஆத்திரத்தில் யாருக்கும் வாய் தவறும். ஆனால் புருஷன்காரன் காதில் அது எப்படி விழாமல் போகும்? கல்யாணமான நாளிலிருந்து காயாத மிளகாய் தின்றவன், திடீரென்று ஒருநாள் பெண்டாட்டி வாயில் தன் பெயரில் பாதி வந்தால் என்ன செய்வான்? சிரிப்பான். இல்லை முறைப்பான். அட, கடலையையாவது கீழே போடுவான். அவனுக்கு அந்த வார்த்தை வெறும் மிளகாய். அவளுக்கும் வெறும் மிளகாய் ஆகிவிட்டது, எந்த நாளிலிருந்து? ரஞ்சிதம் முந்தானையால் விசிறிக்கொண்டாள். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு, இப்படி ஒரு மிளகாயை வைத்துக்கொண்டு ஒருத்தியின் குடியைக் கெடுக்க முடியுமா? காலம் மாறுகிறது. புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பதெல்லாம் எந்தக் காலத்துப் பேச்சு, படித்த பெண்கள் சொல்கிறார்கள், மேடையில் ஏறியே சொல்கிறார்கள். நீ சொல்வாயா? நான் ஏன் சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பு படித்தவள், விசில் ஊதியவள், இருட்டில் துரைமார் பங்களாக் கதவைத் தட்டி விளக்கை அணை என்று கத்தியவள். சரி, சொல் பார்க்கலாம். இங்கேதான் அவர் இல்லையே, வீட்டில் ஈஸிசேரில் கிடக்கிறார், பட்டாளத்துச் சாமான் கிடங்கில் கணக்கு எழுதியவரை யுத்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள், பாவம், பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஒருதரம் படிக்கிறார் பொழுது போகாமல். சொல். ரஞ்சிதம் உதட்டைக் குவித்தாள். முதல் எழுத்து நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தது. கழுத்து வேர்த்தது. "இன்னாம்மா, சாமி கும்புடுறியா?" என்று எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி கேட்டாள். இவளுக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. சாமியாவது, பூதமாவது. ஊருக்கெல்லாம் துப்பறிகிறவள், திரும்பிப் போகும்போது அவள் இறங்கவேண்டிய நிறுத்தத்தின் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருந்து தொலைத்த பாவத்துக்கு, கண்டக்டரிடம் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி முன்னாடியே இறங்கிக்கொள்கிறவள்! இத்தனை வருஷமும் அப்படித்தான். அந்தப் பெயரை இந்தக் கதை சொல்கிறவருக்கும் அவள் சொல்லவில்லை, ஆகையால் அவர் அவராகவே இருக்கட்டும். ரேஷன்காரன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட, பின்னால் நின்றவளை விட்டுச் சொல்லச் சொன்னாளே. இவளுக்கே வாய் வரவில்லை என்றால் துவையல் அரைக்கிற தைலம்மாளுக்கு அவ்வளவு சுலபமாக எப்படி வரும்? வராது. பக்கத்தில் இருக்கிறவன் அந்தப் பெயருக்கு உரியவனாக இருந்தால் வராது. பச்சைமுத்துவின் ஆயுசைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. குறைவதற்கு அங்கே ஆயுசு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இல்லை, இன்னும் ஒரு வழி இருக்கிறது. ரஞ்சிதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரங்கோனில் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிற ஆபீசுக்குத் தைலம்மாள் எத்தனை முறை நடந்திருப்பாள்! அங்கே கேட்டிருப்பார்கள், பெயர் என்ன, பெயர் என்ன, உரக்கச் சொல்லு. அங்கே காயாத மிளகாய் செல்லாது. ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று, பின்னால் இருக்கிறவர்கள் இடிக்க, பச்சைமுத்து பச்சைமுத்து என்று கத்திக் கத்தி அந்த வார்த்தையின் கூச்சம் அன்றைக்கே செத்திருக்கும். அப்புறம் மிளகாயாவது அரிசியாவது. ஆஹா, சரியாகப் பொருந்துகிறது, யுத்தம் எத்தனையோ பேருடைய எதையெதையோ பறித்தது, தைலம்மாள் நாக்கின் கூச்சத்தைப் பறித்தது, ஆக வந்தவன் பச்சைமுத்துதான், சேஷகிரியிடம் இதையே சொல்லலாம். டிராம் கிளம்பிவிட்டால் தேவலை என்று முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது. தோன்றின கையோடு குப்பம்மாளின் குரல் வந்து குறுக்கே படுத்தது. அந்தக் குப்பம்மாளுக்கு ஒரு நாள் பேச்சு நின்றால்தான் என்ன? "ஆபீசுக்கு நாந்தாங்கா கூடப் போவேன். இவ முக்காடு போட்டுக்கினு நின்னா. பேரு சொல்லு பேரு சொல்லுன்னு அவன் கத்துறான், இவ கூரையப் பாக்குறா. ஊமையான்னு கேட்டான்! ஒவ்வொரு தபாவும் நாந்தான் கத்தினேன்." கேட்டுக்கொண்டு சிரித்தவளும் இவள்தான். அப்படியானால் தைலம்மாள் அங்கேயும் சொல்லவில்லை. ஊமை என்று பெயர் வாங்கினாலும் சொல்லவில்லை. அவன் உயிரோடு இருக்கக்கூடும் என்கிற வரைக்கும் சொல்லவில்லை. சட் சட் சட். மீன்காரி கூடைமேல் தண்ணீர் தெளித்தாள், இரண்டு துளி ரஞ்சிதத்தின் கை மேல் விழுந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அப்படியானால் அந்த ஆள் யார்? வீட்டின் பின்னால் கிணறு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது, மாமியார் எந்த வியாதியில் செத்தாள் என்று தெரிந்திருக்கிறது. பச்சைமுத்துவோடு ஒரே கொட்டகையில் படுத்து ராவெல்லாம் அவன் பேச்சைக் கேட்டவனாக இருக்கும். அவன் கடைசியில் தண்ணீர் கேட்டபோது கொடுத்தவனாக இருக்கும். கொடுக்காதவனாகவும் இருக்கலாம். கொன்றுவிட்டு வந்தவனாக இருந்தால்? கூட்டாளியைக் கொன்று, அவன் கதையைத் திருடி, அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கடலை உரிக்கிறவனாக இருந்தால்? இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பாளா? ஆனால் உரித்த பருப்பை அவன் தன் வாயில் ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் முறத்தில் தைலம்மாள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான், அதையும் பார்த்துத் தொலைத்தாளே. தைலம்மாள் கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. நெற்றியில் குங்குமம் பெரிதாக வைக்கிறாள். முதல் நாள் பார்த்தபோது பல்லைக் காட்டாமல் சிரித்தவள் இன்று காய்கறிக்காரியோடு இடுப்பில் கை வைத்துச் சண்டை போடுகிறாள். தெரிந்துதான் உள்ளே விட்டிருக்கிறாள். பார்த்த முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது, அழுததுகூடச் செத்தவனுக்காக அழுததுதான், அழுது முடித்துவிட்டு இவனை உள்ளே வாங்க என்றிருக்கிறாள். கெட்டிக்காரி! இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு சுரைக்காய்ப் பேரத்தில் வாய் நழுவ வேண்டுமா, அதுவும் என் எதிரில், அதுவும் நான் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது? நான் உனக்கு என்னடி பாவம் செய்தேன்?

அந்த ஏகாம்பரத்தை நினைக்க நினைக்க ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, யார் மேலாவது ஆத்திரப்படாமல் அந்த வெயிலில் உட்கார்ந்திருக்க முடியாது. பச்சைமுத்து ரங்கோனுக்கு ஓடினதே அந்த மனுஷனால்தான் என்று குப்பம்மாள் சொல்லியிருக்கிறாள். ஏதோ ஓர் ஆட்டை அண்ணனைக் கேட்காமல் விற்றுவிட்டானாம், நடுத்தெருவில், பெண்டாட்டி பார்க்க, அண்ணன்காரன் செருப்பைக் கழற்றி அடித்தானாம், அந்த வாரமே தம்பி கப்பல் ஏறிவிட்டானாம். தம்பியை அடித்து விரட்டின கை, இப்போது தம்பி பெண்டாட்டியையும் விரட்டிவிட்டு வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளத் துடிக்கிறது. அதற்கு நான் துப்புக் கொடுக்க வேண்டும். மிளகாய் என்று சொன்னாள் ஐயா, பச்சை மிளகாய் என்று சொன்னாள், பிடியுங்கள் அவளை. சேஷகிரி சந்தோஷப்படுவார், இதனால்தானம்மா உன்னை அனுப்பினேன், ஆம்பளைக்கு இது பிடிபடுமா என்பார். அதைக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, அந்த வெட்கக்கேட்டையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், சொன்னால் பட்டணத்தில் இன்னும் நாலு வக்கீல்கள் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் துப்பறிகிறவள் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு அடுத்த வீட்டுச் சமையற்கட்டுக்குள் நுழைவது? பார்த்ததைச் சொல்வதுதானே வேலை. வேலையாம் வேலை. சந்து அவளை முடியைப் பிடித்து இழுக்கும்போது அந்த வேலை போய்த் தடுக்குமா? அந்தப் பெண் முதல் முறையாக ஒரு வார்த்தையைக் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறாள், பயமில்லாமல் இருக்கிறாள், வாய்விட்டுப் பேரம் பேசுகிறாள். திடீரென்று தலைக்கு மேலே கம்பி சடசடத்தது. கண்டக்டர் பீடியை எறிந்துவிட்டு மணியை அடித்தான். டிராம் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு கிளம்பியதும் மீன்காரி, "அப்பாடா, மீனு நாறிப் போறதுக்குள்ள வந்துச்சே" என்றாள். ரஞ்சிதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்தான். சந்தேகமே இல்லை, வந்திருப்பது பச்சைமுத்துதான். கோட்டை வரைக்கும் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனாள், அடுத்த வீட்டுச் சமையற்கட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாரிஸ் முனையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது குடை. குடைக்குக் கீழே ஏகாம்பரம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, காலையிலிருந்தே நிற்கிறார் போலிருக்கிறது, சேஷகிரியிடம் இன்று அவள் வருகிற விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வந்துவிட்டார் பார், சாவிக்கு அவ்வளவு அவசரம். "அம்மா, கோச்சுக்காதீங்க. வக்கீல் ஐயாகிட்ட போறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார். இவருக்கும் ஒரு வார்த்தை! ரஞ்சிதம் நேராக அவர் கண்ணைப் பார்த்து, எரிச்சல் குறையாமல், "அவர் உங்க தம்பிதான். எனக்குச் சந்தேகம் இல்லை" என்றாள். சொன்ன பிறகு, இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் முகம் சுண்டும் என்று காத்திருந்தாள், அதைப் பார்த்துக் கொஞ்சம் திருப்திப்படவும் தயாராக இருந்தாள். ஏகாம்பரம் குடையை மடக்கினார். வெயில் தலையில் கொளுத்துவது தெரியாமல் மடக்கின குடையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லாப் பாத்தீங்களா?" என்றார். "பார்த்தேன்." "மூஞ்சி வெந்துட்டுதேம்மா, எப்படிக் கண்டீங்க?" "கண்டேன். என் வேலை அது." அவருக்கு உதடு கோணிக்கொண்டது. "நானும் அந்தச் சந்து முனை வரைக்கும் போவேம்மா. ராத்திரி பகல்னு பாக்காம போயி நிப்பேன். அவன் வெளிய வர்றப்போ கூப்புடலாம்னு வாயத் தொறப்பேன், வராது. யாரோ ஒருத்தனைப் போயி தம்பின்னு கட்டிக்கிட்டேன்னு வெச்சுக்கங்க, என் தம்பி எங்கயோ அநாதையாச் செத்துக் கெடந்தான்னா, அவன் மனசு இன்னா ஆவும்? அந்த பயத்துலயே திரும்பிடுவேன். அதுக்குத்தாம்மா வக்கீல்கிட்ட வந்தேன்." "வீடு?" என்றாள். அவர் புரியாமல் பார்த்தார். "வீடு இன்னாத்துக்கும்மா? அது அவங்களோடதுதானே. எனக்கு யாரு இருக்காங்க?"

அவள் வாயைத் திறந்தாள். இப்போதுகூடச் சொல்லலாம், இருங்கள், நான் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் போதும். இந்த மனுஷன் சந்து முனையில் நின்று தன் தம்பிக்காக அழுதுகொள்ளவாவது பாத்தியதை உள்ளவன். அதையும் இவள் பிடுங்கிக்கொண்டாளே. சொன்னால் அங்கே தைலம்மாள். சொல்லாவிட்டால் இங்கே இவர். ஒருத்தியைக் காப்பாற்றினோம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்க விடுகிறார்களா, இந்த ஊரில் யாராவது தாங்கள் இருக்கவேண்டியபடி கெட்டவர்களாக இருந்து தொலைக்கிறார்களா! அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஏன் ஐயா, அன்றைக்கே வக்கீல் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? ஏகாம்பரம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தவர்போலக் கிட்டே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "அவன்... என்னப் பத்தி எதுனா கேட்டானா?" என்றார்.

"கேட்டார்" என்றாள் ரஞ்சிதம். "அண்ணன் ஏன் இன்னும் வரலைன்னு கேட்டார்."